உனக்கு எவ்வளவு கொழுப்பு?

'உனக்கு எவ்வளவு கொழுப்பு இருந்தா இப்படிப் பேசுவே?' என்று என் அப்பா எனக்கு மீசை முளைத்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷமாகப் பதில் சொல்ல முடியாமல் தலைகுனிந்து நின்றேன். போன மாதம்தான் சொல்ல முடிந்தது.

'27.4 சதவிகிதம்ப்பா.'

அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அம்மாவிடம் போய், 'இவனுக்கு ஆபீஸ்ல ஏதாவது பிரச்னையா?' என்று ரகசியமாக விசாரித்தார்.

பிரச்னை ஆபீஸில்தான் ஆரம்பித்தது. பக்கத்து சீட் நண்பர் ஒருநாள் டிபன் பாக்ஸைத் திறந்து, நாலே நாலு வெள்ளரித் துண்டை எடுத்து வைத்துக்கொண்டு, 'ஸார், உங்க ஃபேட் பர்சன்ட்டேஜ் எவ்வளவு?' என்று கேட்டார். நான் அப்போது மூன்றாவது போண்டாவில் இருந்தேன். தெரியாது என்றேன். சம்பளம் எவ்வளவு என்று தெரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அன்று ராத்திரியே மொபைலைத் தடவி, 1,499 ரூபாய்க்கு ஒரு 'ஸ்மார்ட்' தராசுக்கு ஆர்டர் போட்டாகிவிட்டது. அரூர் போன்ற ஊருக்கும் மூன்றே நாளில் வந்து சேர்ந்தது. (ஒரு காலத்தில் தர்மபுரியிலிருந்து கடிதம் வரவே அவ்வளவு நாள் ஆகும்.)

கறுப்புக் கண்ணாடிப் பலகை. மேலே நாலு வெள்ளித் தகடு. வெறுங்காலோடு ஏறி நின்றால் மொபைலில் பன்னிரண்டு சமாச்சாரம் வருகிறது. எடை 74.6 கிலோ. கொழுப்பு 27.4. தசை இத்தனை, தண்ணீர் இத்தனை, எலும்பு இத்தனை, வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு இத்தனை. கடைசியாக ஒரு குத்து: 'உங்கள் உடலின் வயது 47.' எனக்கு நடப்பது 36.

'அப்போ சீக்கிரமே ரிடையர் ஆயிடுவீங்க. பி.எஃப். பணம் வந்ததும் வளையல் வாங்கலாம்' என்றாள் வீட்டம்மா.

அடுத்து அப்பாவை ஏற்றினோம். காலமெல்லாம் காட்டில் வெறுங்காலோடு நடந்து, குதிகால் தீர்த்தமலைப் பாறை மாதிரி வெடித்துக் கிடக்கும். மெஷின் யோசித்தது, கண் சிமிட்டியது, எடையை மட்டும் காட்டிவிட்டு, கொழுப்பு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டது.

'பார்த்தியா? எனக்குக் கொழுப்பே கிடையாதுன்னு மெஷினே சொல்லிடுச்சு!' என்று அன்றைக்குத் தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

* * *

எனக்கு ஒரு கெட்ட குணம். புதுச் சாமான் வந்தால் அதைச் சந்தேகப்படாமல் தூக்கம் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஏறி ஏறி இறங்கினேன்.

காலை எழுந்ததும்: 27.4. வெந்நீரில் குளித்துவிட்டு வந்து: 25.9. மத்தியானம் சாப்பாடு, மோர், ஒரு சொம்பு தண்ணீருக்குப் பிறகு: 27.8. வாசலில் பையனோடு வேர்க்க விறுவிறுக்க அரைமணி நேரம் பந்து விளையாடிவிட்டு: 25.6. ஒரே ஆசாமி, ஒரே நாள்! ஒரு வெந்நீர்க் குளியலில் ஒரு கிலோவுக்கு மேல் கொழுப்பு கரையுமென்றால் நாட்டில் ஹீட்டர் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் டாக்டர்கள்தானே?

இன்னும் கேளுங்கள். ஆப்பில் 'நீங்கள் விளையாட்டு வீரரா?' என்று ஒரு கேள்வி இருக்கிறது. சும்மா 'ஆமாம்' என்று தட்டினேன். கொழுப்பு 21க்கு இறங்கிவிட்டது. தட்டியது விரல்தான், தொப்பை நகரவே இல்லை. அடுத்து 'ஆண்' என்று இருந்ததை 'பெண்' என்று மாற்றினேன். 35! (வீட்டம்மா அந்த நேரம் பார்த்து உள்ளே வந்து, 'இதெல்லாம் என்னங்க வேலை?' என்றாள்.)

ஆக, மெஷின் என் கொழுப்பைப் பார்க்கவில்லை. என்னிடம் விலாசம் விசாரித்துவிட்டு எதையோ கணக்குப் போடுகிறது. அது என்ன கணக்கு?

* * *

சமாச்சாரம் சிம்பிள். தண்ணீரும் உப்பும் கலந்த இடத்தில் கரண்ட் சுலபமாக ஓடும். நம் தசையில் முக்கால் பங்கு தண்ணீர். கொழுப்பில் தண்ணீர் ரொம்பக் கம்மி, கரண்ட் தடுமாறும். தராசு, முன்பாதத் தகடு வழியாக ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான மின்சாரத்தைக் காலுக்குள் அனுப்புகிறது. ஷாக்கெல்லாம் அடிக்காது. பெரும்பாலான மெஷின்களில் அது நொடிக்கு சுமார் 50,000 தடவை முன்னும் பின்னுமாகப் போய்வரும் மின்சாரம். குதிகால் தகடுகள், வழியில் எவ்வளவு தடங்கல் என்று அளக்கின்றன. அந்தத் தடங்கலோடு உங்கள் உயரம், எடை, வயது, ஆணா பெண்ணா என்பதையெல்லாம் சேர்த்து, கம்பெனிக்காரர் எழுதிவைத்த ஒரு ஃபார்முலாவில் போட்டால் சதவிகிதம் வந்து விழுகிறது.

நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு கைப்பிடி நெல்லைப் போட்டு, 'ஈரம் 17க்கு மேலே இருக்குது, காயவெச்சு எடுத்தாங்க' என்று சொல்கிறார்களே, கிட்டத்தட்ட அதே வித்தைதான். மெஷின் பார்ப்பது மின்சாரக் குணத்தை, சொல்வது ஈரத்தை. நெல்லாவது குவியல் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். மனுஷன் அப்படியா?

குளித்து உடம்பு சூடானால் தோல் வழியே கரண்ட் லேசாகப் போகும். கொழுப்பு குறைந்ததாகச் சொல்லும். உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தால் கரண்ட் திணறும். கொழுப்பு கூடியதாகச் சொல்லும். குதிகால் காய்ந்து வெடித்திருந்தால் என் அப்பா கேஸ்.

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று. கரண்ட் ஒரு கால் வழியாக ஏறி இன்னொரு கால் வழியாக இறங்கிவிடுகிறது. மொரப்பூரிலிருந்து வருகிற பஸ் ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே போய்விட்ட மாதிரி, தொப்பைப் பக்கம் அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால், 'வயிற்றுக் கொழுப்பு 11' என்று தைரியமாகச் சொல்கிறது. நம்மில் முக்கால்வாசிப் பேர் கொழுப்பைக் காலிலா சேர்த்து வைத்திருக்கிறோம்?

* * *

இந்தக் கவலையில் இருக்கும்போது பெரியப்பா வந்தார். அவருக்கு ஊர்ப்பக்கம் இரண்டு ஏக்கர் குச்சிக்கிழங்கு. மரவள்ளி என்று பேப்பரில் எழுதுகிறார்களே, அதுதான். தராசின் கதையைச் சொன்னதும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

'ஏன்டா, இது எங்க பாயிண்டுக் கதையில்ல?'

சேகோ பேக்டரிக்குக் கிழங்கு போட்டவர்களுக்குத் தெரியும். கிழங்குக்கு எடையை மட்டும் வைத்து விலை கிடையாது; உள்ளே மாவு எவ்வளவு என்று பார்த்து 'பாயிண்ட்' போடுவார்கள். இருபத்தைந்தா, இருபத்தெட்டா என்பதில் ஒரு லோடுக்கே ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வந்துவிடும். அதைக் கண்டுபிடிக்கும் பழைய வழி என்ன தெரியுமா? கிழங்கை முதலில் காற்றில் எடை போட்டு, பிறகு தண்ணீருக்குள் மூழ்கவைத்து எடை போடுவது. மாவு தண்ணீரைவிடக் கனம். மாவு அதிகமுள்ள கிழங்கு தண்ணீருக்குள்ளேயும் எடை காட்டும். சோனிக் கிழங்கு மிதக்கப் பார்க்கும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால், மனுஷனின் கொழுப்பை அளக்க விஞ்ஞானிகள் ரொம்ப காலம் நம்பியிருந்த முறையும் அட்சரம் பிசகாமல் இதேதான்! ஆளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, மூச்சை முழுக்க வெளியே விடச் சொல்லி, தொட்டிக்குள் முக்கி எடை போடுவார்கள். கொழுப்பு தண்ணீரைவிட லேசு. அதனால் கொழுத்த ஆசாமி தண்ணீருக்குள் எடை காட்ட மாட்டார். அதிலிருந்து உடம்பின் அடர்த்தி தெரியும். 1961ல் சிரி என்ற அமெரிக்க விஞ்ஞானி தந்த கணக்கு: 495ஐ அடர்த்தியால் வகுத்து, 450ஐக் கழி. அடர்த்தி 1.05 என்றால் கொழுப்பு சுமார் 21 சதவிகிதம். அவ்வளவுதான்.

தொட்டியில் முக்குவது எல்லோருக்கும் சரிப்படுமா? அதனால்தான் ஜப்பானின் டனிட்டா கம்பெனி 1992ல் ஏறி நின்றால் கொழுப்பு சொல்லும் மெஷினை ஆஸ்பத்திரி மாதிரி இடங்களுக்காகக் கொண்டுவந்தது. இரண்டு வருஷத்தில் அது வீட்டுக்கும் வந்துவிட்டது. அந்த வம்சத்தின் மலிவான பேரன்தான் என் வீட்டுக் கண்ணாடிப் பலகை.

பெரியப்பா போகும்போது ஒன்று சொன்னார். 'கிழங்கு என்னுது. தராசு அவன்து. பாயிண்ட் சொல்றவனும் அவனே. அவன் சொல்றதை நாம எப்படிறா சரிபார்க்கிறது? நான் எப்பவும் ரெண்டு இடத்துல போட்டுப் பார்ப்பேன்.'

மனசில் குறித்துக்கொண்டேன்.

* * *

இரண்டு இடத்தில் போட்டுப் பார்த்தவர்கள் வெளிநாட்டிலும் உண்டு. 2021ல் பிரான்ஸில் டாக்டர்கள் மூன்று ஸ்மார்ட் தராசுகளை வாங்கி, 'டெக்ஸா' என்கிற ஆஸ்பத்திரி ஸ்கேனோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டெக்ஸா, லேசான எக்ஸ்ரேயால் எலும்பு, கொழுப்பு, மற்றதெல்லாம் என்று பிரித்துச் சொல்லும் மெஷின். முடிவு என்ன? எடையில் மூன்று தராசும் தங்கம். பிசகு பொதுவாக அரைக் கிலோவுக்குள். கொழுப்பில் மூன்றுமே தகரம். பொதுவாக 2 கிலோவிலிருந்து 4 கிலோ வரை குறைத்துக் காட்டின. உடம்பின் உள்கணக்குக்கு இவற்றை நம்ப வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள்.

பழைய ரயில்வே ஸ்டேஷன்களில் கலர் பல்ப் சுழலும் எடை மெஷின் ஞாபகம் இருக்கிறதா? காசு போட்டால் 'டக்' என்று ஒரு அட்டை விழும். ஒரு பக்கம் எடை. மறுபக்கம், 'நீங்கள் தயாள குணம் கொண்டவர். விரைவில் பதவி உயர்வு.' இந்த ஆப்பும் அந்த அட்டையும் கிட்டத்தட்ட ஒரே ஜாதிதான். எடை நிஜம், ஜோசியம் இலவசம்.

ஜோசியத்தைச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். என் மச்சான் விஷயம் நடக்கிற வரைக்கும்.

* * *

மச்சான் என்றால் வீட்டம்மாவின் தம்பி. வயது 31. உயரம் 166, எடை 62. காற்றடித்தால் கொடிக்கம்பியைப் பிடித்துக்கொள்ளும் தேகம். எங்கள் வீட்டில் நாள் முழுக்க உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவன். தராசில் ஏறினான். கொழுப்பு 19.6. பச்சை நிறத்தில் 'நார்மல்' என்று வந்தது. 'மாமா, பார்த்தீங்களா?' என்று என் தொப்பையைத் தட்டிவிட்டுப் போனான்.

அவன் ஆபீஸில் சர்க்கரை, பிரஷர் பார்க்க ஒரு இலவச முகாம் வைத்தார்கள். 'எனக்கெதுக்கு? மெஷினே நார்மல்னு சொல்லிடுச்சு' என்று போகவில்லை. நானும், 'ஆமாம், உனக்கெதுக்கு?' என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொன்னேன் என்பதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

கல்யாணத்துக்கு பேன்ட் தைக்கப் போனோம். டெய்லர், இடுப்புக்கு 32 என்று எழுதினார். பிறகு சட்டைக்காகத் தொப்புள் பக்கம் டேப்பைச் சுற்றியவர் நின்றுவிட்டார். 'ஏனுங்க, ஆள் பார்த்தா ஒல்லியா இருக்கறாரு. இங்க 36 வருதுங்களே!'

பேன்ட் சைஸ் என்பது நாம் நமக்குச் சொல்லிக்கொள்கிற பொய். தொப்பை வளர வளர பேன்ட்டைக் கீழே இறக்கிக்கொண்டே போவோம். சைஸ் பத்து வருஷமாக 32தான்.

அந்த 36 என் மண்டைக்குள் மணி அடித்தது. காரணம், தராசைப் பற்றித் தேடும்போது படித்த ஒரு விஷயம். 2004 ஜனவரியில் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் இரண்டு டாக்டர்களின் படம் பக்கத்தில் பக்கத்தில் வந்தது. ஒருவர் புனே கே.ஈ.எம். ஆஸ்பத்திரியின் சர்க்கரை நோய் நிபுணர் யாஜ்னிக். இன்னொருவர் அவருடைய லண்டன் நண்பர் யுட்கின். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. அச்சாக 22.3. அதாவது உயரத்துக்கு ஏற்ற எடை. ஆனால், டெக்ஸாவில் பார்த்தால் லண்டன்காரருக்குக் கொழுப்பு 9.1 சதவிகிதம், நம்மவருக்கு 21.2! ஒரே எடைக்குள் இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பு.

யாஜ்னிக் குழு பிறந்த குழந்தைகளையும் அளந்து பார்த்தது. புனே பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் 3.5. நம் குழந்தைகளுக்கு எல்லாமே சிறுத்திருந்தது. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. ஒல்லிக்குள் ஒளிந்திருக்கும் குண்டு. அது சேர்கிற இடமும் பெரும்பாலும் வயிறு. சர்க்கரை நோய்க்கு அந்த வயிற்றுக் கொழுப்புதான் வாசல்படி. கால் வழியாகப் போய்வருகிற கரண்ட் சரியாகப் பார்க்காததும் அதே இடம்தான்.

அதனால்தான் நமக்குக் கணக்கே வேறு. வெள்ளைக்காரருக்கு பி.எம்.ஐ. 25க்கு மேல் போனால் எச்சரிக்கை. இந்தியருக்கு 23லேயே மணி. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் ஜாக்கிரதை. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையமும் ஐ.சி.எம்.ஆரும் நாடு முழுக்க எடுத்த கணக்கு 2023ல் வெளியானது. அதில் உடம்பு மொத்தமாகக் குண்டானவர்கள் 28.6 சதவிகிதம், தொப்பைக்காரர்கள் 39.5 சதவிகிதம். வித்தியாசத்தைப் பாருங்கள். அந்த இடைவெளியில்தான் என் மச்சான் மாதிரி ஒல்லிகள் நிற்கிறார்கள்.

36 இஞ்ச் என்றால் 91 சென்டிமீட்டர். அவன் உயரத்தில் பாதி 83.

மறுநாள் காலை வெறும் வயிற்றோடு இழுத்துக்கொண்டு போனேன். சர்க்கரை 148. நூறுக்குள் இருக்கவேண்டியது, 126ஐத் தொட்டாலே சர்க்கரை நோய். இன்னொரு தடவை பார்த்தார்கள். அதுவும் அந்தப் பக்கமேதான்.

மச்சான் ஒன்றும் பேசவில்லை. பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்கு முன்னால் நின்றோம். 'சர்க்கரை இல்லாம ஒண்ணு' என்றான். அப்போதுதான் அவன் குரல் உடைந்தது.

டாக்டர் தைரியம் சொன்னார்: 'சீக்கிரமே பிடிச்சிட்டோம். நடங்க, சோத்தைக் குறைங்க, மாத்திரையை விடாதீங்க. நல்லா வாழலாம்.' இன்னும் மூன்று நாலு வருஷம் 'நார்மல்' பச்சையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு இருந்திருந்தால், கண்ணோ கிட்னியோ வந்து சொல்லியிருக்கும்.

* * *

சரி, வாங்கலாமா வேண்டாமா? ஆபீஸில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். இதோ என் தீர்ப்பு.

முதலில் ஒரு இஞ்ச் டேப். சில்லறைக் காசில் கிடைக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே சுற்றுங்கள். மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டுவிட்டுப் பாருங்கள். (வயிற்றை எக்கினால் ஏமாறுவது டேப் இல்லை ஸார்.) உயரத்தில் பாதிக்குள் இருக்கவேண்டும்.

இரண்டாவது, முப்பது வயது தாண்டியிருந்தால், வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால், டேப் பயமுறுத்தினால், வெறும் வயிற்றில் ஒரு ரத்தப் பரிசோதனை. அரசு ஆஸ்பத்திரியில் காசு கேட்கமாட்டார்கள். 2021ல் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகு வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள்.

மூன்றாவது, எடை பார்க்க ஆசையா? கொழுப்பு சொல்லாத சாதா டிஜிட்டல் தராசே போதும்.

கொழுப்புத் தராசை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? தூக்கிப் போடவேண்டாம். தினமும் ஒரே நேரம், காலைக்கடன் முடித்து, சாப்பிடுவதற்கு முன், துடைத்த காலோடு ஏறுங்கள். தரை சமமாக இருக்கட்டும், பாய் வேண்டாம். இன்றைக்கும் நேற்றைக்கும் ஒப்பிடாதீர்கள். வாரச் சராசரி எழுதி, மூன்று மாதத்தில் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். நம்பர் பொய்யாக இருந்தாலும் போகிற திசையில் ஓரளவு நிஜம் இருக்கும். விளையாட்டு வீரர் இல்லையென்றால் 'வீரர்' என்று தட்டாதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஏறவே கூடாது.

முக்கியமாக, பச்சை நிறம் பார்த்து எந்த டெஸ்ட்டையும் தள்ளிப் போடாதீர்கள்.

மச்சான் இப்போது தினமும் காலையில் நடக்கிறான். கூடவே நானும். ஆறு மாதத்தில் அவன் டேப் 36லிருந்து 34க்கு வந்துவிட்டது. என்னுடையதும் ஒரு இஞ்ச் இறங்கியிருக்கிறது. தராசு என் கொழுப்பை இன்னும் 27 என்றுதான் சொல்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும்.

அதை அடுப்படிக்கு மாற்றியாகிவிட்டது. எடையில் அது யோக்கியன் ஆயிற்றே! கேஸ் சிலிண்டர் வந்ததும் ஒரு பலகை போட்டு அதன்மேல் ஏற்றுகிறோம். பலகையின் எடையையும், சிலிண்டர் கழுத்தில் எழுதியிருக்கும் வெறும் எடையையும் கழித்தால் 14.2 கிலோ வரவேண்டும். போன தடவை அப்படித்தான் சிலிண்டரை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கதவருகே வந்து நின்றார்.

'ஏன்டா, சிலிண்டருக்கு எவ்வளவு கொழுப்பு?'